ஜோர்டான் முதல் ஆஸ்டன் மார்ட்டின் வரை: நரேன் ஓட்டிய அணி இப்போது எங்கே?

கேள்வி – பொள்ளாச்சி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயங்களில் முதன்முதலாக ஓட்டியது ஜோர்டான் அணியின் மஞ்சள் கார் என்பது நம் பக்கத்தில் பலருக்கும் நினைவிருக்கும். அந்த அணியே பிற்பாடு விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவாக ஓடியது என்றும், இன்று ஃபெர்னாண்டோ அலோன்சோ ஓட்டும் ஆஸ்டன் மார்ட்டினும் அதுவே என்றும் சொல்கிறார்கள். முதலாளி, பெயர், நிறம், என்ஜின் அத்தனையும் மாறிய பிறகு அதை ஒரே அணி என்று எந்தக் கணக்கில் சொல்வது? அப்படி ஒரே அணிதான் என்றால், 2018ஆம் ஆண்டு நடுவில் ஃபோர்ஸ் இந்தியாவின் புள்ளிகள் முழுவதும் நீக்கப்பட்டது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் – பீளமேட்டுப் பட்டறைக்காரர்

ஒரே அணிதான். நம் ஊரில் நூற்பாலை ஒன்று கைமாறினால் முகப்பில் பெயர்ப்பலகை மாறுமே தவிர, உள்ளே இயந்திரமும் ஆட்களும் அப்படியே இருப்பதில்லையா? இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் ஓடுதளத்தின் எதிரில் எடி ஜோர்டான் நிறுவிய தொழிற்கூடத்தைத்தான் அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லோரும் விலைக்கு வாங்கினார்கள்.

1991இல் அவர் ஃபார்முலா 1க்குள் நுழைந்தபோது, கேரி ஆண்டர்சன் வடிவமைத்த பச்சை நிறக் கார் முதல் ஆண்டிலேயே 13 புள்ளிகளுடன் அணிகள் வரிசையில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டு, லண்டனில் ஒரு டாக்சி ஓட்டுநர் மீது கண்ணீர்ப்புகை தெளித்த வழக்கில் பெர்ட்ரான்ட் கஷோ சிறைக்குப் போனதால், காலியான இருக்கையில் பெல்ஜியப் பந்தயத்துக்காக அமர்த்தப்பட்டவர்தான் மைக்கேல் ஷூமேக்கர். தகுதிச்சுற்றில் ஏழாவதாக வந்த அவருடைய கார், பந்தயத்தின் முதல் சுற்றிலேயே கிளட்ச் பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பந்தயத்துக்குள் பெனட்டன் அணி அவரைக் கொத்திக்கொண்டு போனது. திறமையைக் கண்டுபிடிக்கும் கண் ஜோர்டானுக்கு இருந்தது. தக்கவைத்துக்கொள்ளும் பணபலம் இருந்ததில்லை.

1998இல் மழையில் நடந்த பெல்ஜியப் பந்தயத்தில் டேமன் ஹில் முதலிடமும் ரால்ஃப் ஷூமேக்கர் இரண்டாமிடமும் பெற்றது அணியின் முதல் வெற்றி. மறு ஆண்டு ஹைன்ஸ்-ஹரால்ட் ஃப்ரென்ட்சன் பிரான்சிலும் இத்தாலியிலும் வென்று, அணியை மூன்றாம் இடத்துக்கு உயர்த்தினார். அதுதான் உச்சம். கார் நிறுவனங்களே அணிகளை நடத்தத் தொடங்கிய காலம் அது. ஹோண்டா 2003 முதல் பிஏஆர் அணிக்கு மட்டும் என்ஜின் கொடுப்பதென்று முடிவெடுத்ததும், ஜோர்டான் விலைகொடுத்து என்ஜின் வாங்கும் நிலைக்கு இறங்கியது. 2003 பிரேசில் பந்தயத்தில் ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா பெற்ற வெற்றியைக்கூட முதலில் கிமி ராய்க்கோனனுக்கு அறிவித்துவிட்டு, சில நாள் கழித்தே திருத்திக் கொடுத்தார்கள்! 2005 தொடக்கத்தில் அணி அலெக்ஸ் ஷ்னைடரின் மிட்லாண்ட் குழுமத்துக்கு விற்கப்பட்டது. நரேன் வந்து சேர்ந்தது இந்த இறங்குமுகத்தில்தான்.

பதில் – ஈரோட்டு ரசிகர்

பட்டறைக்காரர் அண்ணன் சொன்னதன் தொடர்ச்சியாக, புள்ளிகள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மிட்லாண்ட் 2006இலேயே அணியை நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனத்துக்கு விற்றது. அங்கிருந்து 2007இல் மல்லையாவும் நெதர்லாந்துத் தொழிலதிபர் மிகியெல் மோலும் 8.8 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். 2009 பெல்ஜியத்தில் ஃபிசிகெல்லா முதல் இடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக முடித்தது மட்டுமல்லாமல், 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அணி நான்காம் இடத்தைப் பிடித்தது. தன்னைவிடப் பன்மடங்கு செலவழித்த அணிகளைப் பின்னுக்குத் தள்ளிய அந்த இரண்டு ஆண்டுகளைத்தான், ஜோர்டானின் 1999க்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

மல்லையாவின் கடன் சிக்கல் முற்றியதும் பாக்கிகள் சேர்ந்தன. 2018 ஜூலையில் ஓட்டுநர் செர்ஜியோ பெரஸ் தமக்கு வரவேண்டிய தொகைக்காக எடுத்த சட்ட நடவடிக்கையால் அணி நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. அணி முழுவதுமாகக் கலைக்கப்படுவதைத் தடுக்கவே அவர் அப்படிச் செய்தார். கனடாத் தொழிலதிபர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு வாங்க முன்வந்தபோது, பழைய கம்பெனியின் பங்குகளை மாற்றிக்கொடுக்க, மல்லையாவுக்குக் கடன் கொடுத்த இந்திய வங்கிகளின் சம்மதம் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. ஆகவே கம்பெனியை விட்டுவிட்டு, அதன் சொத்துகளை மட்டும் விற்றார்கள். சட்டப்படி அது புதிய போட்டியாளர் என்பதால் பழைய 59 புள்ளிகள் போயின; 405 பேரின் வேலை தப்பியது. அடுத்து வந்த பெல்ஜியப் பந்தயத்திலேயே ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வந்து 18 புள்ளிகள் எடுத்தார்கள். ரேசிங் பாயிண்ட் என்ற பெயரில் 2020 சகீர் பந்தயத்தை வென்றதும் அதே பெரஸ்தான். 2021 முதல் அது ஆஸ்டன் மார்ட்டின்.

பொள்ளாச்சி வாசகர்

மிக்க நன்றி. இன்னொரு ஐயம். 2005இல் இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்கப் பந்தயத்தில் நரேன் பெற்ற நான்காம் இடத்தைச் சிலர் கேலி செய்கிறார்களே, அதில் நியாயம் உண்டா?

பதில் – பீளமேட்டுப் பட்டறைக்காரர்

மிஷலின் டயர்கள் சாய்தளத் திருப்பத்தில் தாங்காது என்று தெரிந்ததும், அவற்றைப் போட்டிருந்த 14 கார்கள், பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றான ஃபார்மேஷன் லேப் முடிந்தவுடன் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. இரண்டு ஃபெராரிகளுக்கும் தம் அணியின் தியாகோ மொன்டெய்ரோவுக்கும் பின்னால் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அதை மாபெரும் சாதனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மற்றவர்கள் ஒதுங்கியதற்கு அவர் பொறுப்பாளி அல்லவே. அவருடைய தகுதியை எடைபோட வேண்டுமானால், மாருதி 800 என்ஜினை வைத்து ஓடிய ஃபார்முலா மாருதி காரில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே மேடை ஏறியதிலிருந்து பார்க்க வேண்டும். அந்தக் கார் வகையை உருவாக்கியவர் நம் கோவையின் கரிவரதன். 1995இல் விமான விபத்தில் இறந்த அவருடைய பெயரைத்தான் செட்டிபாளையம் ஓடுதளம் தாங்கி நிற்கிறது.

ஃபோர்ஸ் இந்தியாவோ, பத்தாண்டு காலம் இந்தியப் பெயரைச் சுமந்தும், ஓர் இந்தியரைக்கூடப் பந்தயத்தில் ஓட்டவிடவில்லை. 2011இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் நரேன் ஓட்டியதும் ஸ்பெயினின் எச்ஆர்டி காரைத்தான்.