டேஸ் என்றால் வந்து சேரும் நாள் இல்லைங்க

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். பழைய ஆர்டர்களின் பிரிண்ட் டிசைன், பேட்டர்ன் ஃபைல் எல்லாம் வருஷக்கணக்கில் சேர்ந்துபோனதால் மொத்தத்தையும் அமேசானின் இணையச் சேமிப்பான எஸ்3-யில், எப்போதாவது மட்டும் எடுக்கும் ஃபைல்களுக்கான டீப் ஆர்கைவ் என்ற வகுப்பில் போட்டு வைத்திருந்தோம், செலவு குறைவு, திரும்ப எடுக்க வேண்டியே வராது என்று. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெர்ச்சண்டைசர் அக்கா வந்தார். "தம்பி, மூணு வருஷம் முன்னாடி பண்ணுன குழந்தைங்க டி-ஷர்ட்டுக்கு பையர் ரிப்பீட் கேக்கறாரு, திங்கக்கிழமை காலைல பிரிண்டிங்காரருக்கு ஃபைல் குடுக்கோணும்."

டீப் ஆர்கைவில் இருக்கும் ஃபைலை நேரடியாக இறக்க முடியாது, ரீஸ்டோர் என்று கேட்டால்தான் ஒரு தற்காலிக நகல் வெளியே வரும். அந்தக் கோரிக்கையில் டேஸ் (நாட்கள்), டியர் (எவ்வளவு வேகமாக வேண்டும் என்ற வகை) என்று இரண்டு வரும். ஒரே நாளில் வேண்டும் என்பதால் டேஸில் 1 போட்டேன், காசு குறையட்டும் என்று டியரில் மெதுவான பல்க். இரண்டுமே தப்பு. ஃபைல் வெளியே வந்தபிறகு அந்தத் தற்காலிக நகல் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் டேஸ். பாத்திரக் கடையில் அண்டாவை எத்தனை நாள் வாடகைக்கு எடுக்கிறோம் என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. எப்போது வரும் என்பது டியர் கையில். டீப் ஆர்கைவில் ஸ்டாண்டர்டு என்றால் 12 மணி நேரத்துக்குள், பல்க் என்றால் 48 மணி நேரத்துக்குள். சில நிமிஷத்தில் எடுத்துத் தரும் எக்ஸ்பிடைட்டட் என்ற டியர், எஸ்3-யின் இன்னொரு ஆர்கைவ் வகுப்பான கிளேசியர் ஃப்ளெக்ஸிபிளுக்கு உண்டு, டீப் ஆர்கைவுக்குக் கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி 10 மணி வாக்கில் ஃபைலை இறக்காமல் அதன் நிலையை மட்டும் காட்டும் ஹெட் ஆப்ஜெக்ட் கமாண்ட் போட்டுப் பார்த்தேன், அப்போதுதான் ரீஸ்டோர் முடிந்திருந்தது. சரி, திங்கட்கிழமை ஆபீஸ் போய் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், ஞாயிறு காங்கயத்தில் சொந்தக்காரர் கல்யாணம் வேறு. திங்கள் காலை 9 மணிக்கு டவுன்லோட் கொடுத்தால் இன்வேலிட் ஆப்ஜெக்ட் ஸ்டேட் என்கிறது, அதாவது ஃபைல் ஆர்கைவில் இருக்கிறது, இறக்க முடியாது என்ற எரர். கை நடுங்கிவிட்டது. வந்த நேரத்தோடு ஒரு நாளைக் கூட்டி, அதற்கடுத்த யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு வரைதான் நகல் இருக்கும், நமக்கு அது திங்கள் விடிகாலை 5:30. சனி ராத்திரி பார்த்த அதே வரியில் எக்ஸ்பைரி டேட்டும் (நகல் காலாவதியாகும் நேரம்) இருந்தது, நான் படிக்கவில்லை. மூல ஃபைல் ஆர்கைவில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

அக்காவிடம் உள்ளதைச் சொல்லி ஒரு நாள் கேட்டு வாங்கினேன். இந்த முறை டியர் ஸ்டாண்டர்டு, டேஸ் 7. ராத்திரி வந்ததும் அங்கேயே உட்கார்ந்து, எப்போது வேண்டுமானாலும் இறக்கக்கூடிய எஸ்3 ஸ்டாண்டர்டு வகுப்பில் (டியர் ஸ்டாண்டர்டு வேறு) இன்னொரு பக்கெட்டுக்கு, அதாவது எஸ்3-யில் ஃபைல் வைக்கும் இன்னொரு இடத்துக்கு, காப்பி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ரீஸ்டோர் செய்தாலும் ஃபைலின் ஸ்டோரேஜ் கிளாஸ் (சேமிப்பு வகுப்பு) மாறாதுங்க, நிரந்தரமாக வெளியே வேண்டுமென்றால் காப்பி செய்தே ஆகவேண்டும். அந்த ஏழு நாளும் ஆர்கைவ் காசோடு நகலுக்கான காசும் சேர்ந்து ஏறும், அதனால் பயந்துகொண்டு 30, 60 என்றும் போடாதீர்கள். நாள் பத்தாது என்று தெரிந்தால், நகல் போவதற்கு முன்பே அதே கோரிக்கையைப் புது டேஸோடு மறுபடி அனுப்பினால் நீளும்.

அப்புறம், எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று பார்த்து எஸ்3 தானே ஃபைலை இடம் மாற்றும் இன்டெலிஜென்ட் டியரிங் வகுப்பில் ஆர்கைவுக்குப் போன ஃபைல் என்றால் டேஸே கொடுக்கக் கூடாது. அங்கே தற்காலிக நகல் கிடையாது, ஃபைலே மேலே வந்துவிடும்.