அற்றோணிக்கு ஒரே படிவம் வேண்டுமா?

பரந்தன்காரன்:
என் அத்தான் வெளிநாட்டில். நாங்கள் முகாமிலிருந்து திரும்பிய கையோடு, வயலைக் குத்தகைக்கு விடச் சொல்லி உறவுக்காரர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகக் காரியம் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். அதில் 'எனது சகல காரியங்களையும்' என்று ஒரு வரி. அந்த வரியை வைத்தே வயல் விலைப்பட்டுவிட்டது. இலங்கையின் 1902ஆம் ஆண்டு அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். போதாது. குத்தகை, ஈடு (அடமானம்), விற்பனை மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்ட ஒரே படிவத்தைச் சட்டமாக்க வேண்டும். விற்பனைக் கட்டத்தில் கையெழுத்து இல்லையா, விற்க முடியாது.

ரொறன்ரோ தம்பி:
அண்ணை, வாசிக்காமல் கையெழுத்து வைத்தால் படிவம் என்ன செய்யும்? புதுப் படிவம் வந்தால், பழைய அற்றோணி செல்லுமா என்று ஒவ்வொரு கந்தோரிலும் இழுத்தடிப்பார்கள். நாங்கள் லீவு போட்டுவிட்டுத் திரும்பவும் தூதரக வாசலில் நிற்க வேண்டும்.

பரந்தன்காரன்:
அத்தான் வாசித்தார் தம்பி. 'சகல' என்பதற்குள் வயலை விற்பதும் அடங்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பழைய கிளாக்கர்:
(நொத்தாரிசு கந்தோரில் பதினைந்து வருடம் இருந்தவன்.) நீங்கள் இரண்டு பேரும் உறுதிக்காணியை, அதாவது சொந்த உறுதிப் பத்திரம் உள்ள காணியைப் பற்றியே பேசுகிறீர்கள். வன்னியில் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி, எவ்வளவு கிடக்கிறது! 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அதை நினைத்தபடி விற்க முடியாது. அதனால் காசை வாங்கிக்கொண்டு அற்றோணி எழுதிக் கொடுப்பார்கள். வாங்கினவர் கிணறு வெட்டுவார், தென்னை வைப்பார். எழுதிக் கொடுத்த கிழவர் கண்ணை மூடினால் அற்றோணியும் அன்றோடு சரி. அப்புறம் பிள்ளைகள் வருவார்கள். இதற்கு எந்தக் கட்டத்தில் கையெழுத்து வைப்பது?

முத்தையன்கட்டு:
எங்கள் வாய்க்கால் ஓரம் அப்படி ஒரு தென்னங்காணி இருக்கிறது. தேங்காய் பிடுங்க இரண்டு பகுதியும் வருகிறது.

ரொறன்ரோ தம்பி:
பார்த்தீர்களா? படிவத்தை விடுங்கள், ரத்துச் செய்வதை லேசாக்கச் சொல்லுங்கள்.

பரந்தன்காரன்:
சரி, அதற்கு நான் எதிரில்லை. ஆனால் ரத்தானது வாங்க வருபவனுக்கு எப்படித் தெரியும்? காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்திலேயே அற்றோணியும் அதன் ரத்தும் இருக்க வேண்டும். அதற்கும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால்தான் வசதி.

பழைய கிளாக்கர்:
பதிவேட்டுப் பக்கத்தில் ஏற்றுவது நல்ல யோசனை. படிவம்தான் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. அது கிடக்கட்டும், அத்தான் தன்னுடையதை ரத்துச் செய்தாரா?

பரந்தன்காரன்:
செய்தார். அதற்குள் வாங்கினவர் காலபோக நெல்லை (மாரிப் போகம்) விதைத்து முடித்துவிட்டார்.