யாழ்ப்பாணத்து ரயில் பாதையின் பழைய படங்கள்: கண்காட்சிக்கு எப்படித் திரட்டுவது?

கோண்டாவிலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில், வடபகுதி ரயில் பாதையின் வரலாற்றைப் படங்களைக் கொண்டே சொல்லும் சிறிய கண்காட்சி ஒன்றை நடத்த எண்ணியுள்ளோம். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது, 1905 ஓகஸ்ட் 1 இல் கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாணம் வர வழி பிறந்தது, 1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி கடுகதி ரயில் முதன்முதலில் புறப்பட்டது, 1990 ஜூனில் போரினால் யாவும் நின்றது, 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது என்று திகதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவது எளிது. ஆனால் அவற்றுக்குரிய படங்களைத் தேடி வீடு வீடாகச் சென்றால், "எங்களிட்டை ரயில் படம் ஒண்டும் இல்லைத் தம்பி" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது. கிடைத்த சில படங்களிலும் ஆண்டு குறிக்கப்படவில்லை.

இதைவிட நிர்வாகக் குழுவுக்குள் இரண்டு கருத்து வேறுபாடுகள் எழுந்துள்ளன. கறுப்பு வெள்ளைப் படங்களைக் கைப்பேசிச் செயலியால் வண்ணப்படுத்தினால் இளைஞர்கள் விரும்பிப் பார்ப்பார்கள் என்கிறார்கள் சிலர். வேறு சிலரோ, இது கொண்டாட்டமாகையால் இடிந்த நிலையங்களின் படங்களைத் தவிர்க்கலாம் என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை கூறினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

தண்டவாளம் எழுதியது:

நல்ல முயற்சி. முதலில், நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்றிப் பாருங்கள். ரயிலைப் படமெடுப்பதற்கென்று பிலிம் செலவழித்தவர்கள் அந்தக் காலத்தில் மிகச் சிலரே. ஆகவே ரயில் படம் இருக்கிறதா என்று கேட்காமல், யாராவது கொழும்புக்கு வேலைக்குப் போனபோதோ, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டபோதோ, மணமக்களை வழியனுப்பியபோதோ நிலையத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாலை போட்டவர்களுக்குப் பின்னால் பாதி ஜன்னலும் ஒரு பெட்டியின் படியும் தெரியும். எங்கள் ரயில் வரலாற்றின் பெரும் பகுதி அந்தப் பின்னணியில்தான் இருக்கிறது. புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களையும் தவறாமல் விசாரியுங்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வராதிருப்பதற்காக நிலைய அதிபர் சாரதியிடம் கொடுத்த டப்லட் என்ற அனுமதித் தகட்டையும், அதைத் தாங்கிய பெரிய வளையத்தையும் கையில் பிடித்தபடி நிற்கும் ஒருவரின் படம் உங்களுக்கு அகப்பட்டால், நுழைவாயிலிலேயே அதைப் பெரிதாக்கி வையுங்கள். மற்ற நூறு படங்கள் சொல்லாததை அது சொல்லும்.

காலத்தைக் கணிப்பதற்கு எஞ்சினே நல்ல சாட்சி. கொழும்புத் திட்டம் என்ற சர்வதேச உதவித் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம்2 வகை டீசல் எஞ்சின்கள் 1954 இல்தான் இலங்கைக்கு வரத் தொடங்கின. ஆகவே அவற்றுள் ஒன்று தெரிந்தால் படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அவற்றுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். இன்று ஒன்ராறியோவில் பேரப்பிள்ளைகளோடு வாழும் நம்மவர்களுள் சிலர், அந்தப் பெயரை முதன்முதலில் ஓர் எஞ்சினின் பக்கவாட்டில் வாசித்திருக்கவும் கூடும்! மொன்றியலில் செய்யப்பட்ட எம்4 வகை 1975 இலும், ஜெர்மனியில் செய்யப்பட்ட எம்6 வகை 1979 அளவிலும் வந்தவை. எம்6 தெரியும் யாழ்ப்பாணப் படம் ஒன்று 1990 க்கு முந்தியதானால், ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குள் அதை அடக்கிவிடலாம். நீராவி எஞ்சினைக் கொண்டு மட்டும் முடிவுக்கு வராதீர்கள். டீசல் வந்த அன்றே நீராவி மறைந்துவிடவில்லை. எஞ்சின் இல்லாத படங்களில் பெயர்ப்பலகை, விளம்பரத் தகடு, பெண்களின் சட்டைக் கை, ஆண்களின் காற்சட்டை அகலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, "1960 களாக இருக்கலாம்" என்று எழுதுவதே நேர்மை.

மல்லாகம் வாசகர் எழுதியது:

இடிந்த நிலையங்களைத் தவிர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். இருபத்துநான்கு ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வரவில்லை. அந்தக் காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. பாதை இருந்த இடம் பற்றை மண்டிப்போயிற்று. வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட நிலையங்களை அவ்வூர் மக்களே பார்க்க முடியாதிருந்தது. 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ்தேவி குண்டுவெடிப்புக்குள்ளாகி, பயணம் செய்தவர்கள் உயிரிழந்ததும் இதே வரலாற்றின் பகுதியே. 1989 ஆம் ஆண்டுப் படத்துக்கு அடுத்ததாக இந்திய இர்கொன் நிறுவனம் அமைத்த புதிய பாதையின் படத்தை மாட்டினால், இடையில் என்ன நடந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு யார் விடை சொல்வது? அழிவை வரிசை வரிசையாக அடுக்கத் தேவையில்லை. கூரையில்லாத நிலையக் கட்டடத்தின் படம் ஒன்றும், தண்டவாளம் தாங்கிய பதுங்கு குழியின் படம் ஒன்றும் போதும். ஆனால் அவை இருந்தே ஆக வேண்டும்.

கோண்டாவிலான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மல்லாகம் வாசகரின் கருத்தை அப்படியே குழுவுக்கு எடுத்துச் செல்வேன். கேள்வியை மாற்றிக் கேட்டதற்கு உடனேயே பலன் கிடைத்தது. அயலிலுள்ள ஓர் அம்மா தமது திருமண அல்பத்தைத் தந்திருக்கிறார். அதிலுள்ள ஒரு படத்தில் மணமகன் பெட்டியின் வாசலில் நிற்க, மேடையில் தகரப் பெட்டி ஒன்றின்மேல் பனையோலைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன; பின்னால் காக்கிச் சட்டையுடன் ஒருவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். அல்பம் பசைத்தாளில் ஒட்டி, மேலே பிளாஸ்ரிக் தாள் மூடிய வகை. படத்தைக் கழற்றாமலே பிரதி எடுக்கலாமா? கைப்பேசி போதுமா?

சுன்னாகம் கமரா எழுதியது:

கழற்ற முயலவே வேண்டாம். அந்தப் பசை பல ஆண்டுகளில் இறுகிப்போய், இழுத்தால் படத்தின் முதுகுத்தாளையே பிய்த்துவிடும். பிளாஸ்ரிக் தாள் இலகுவாக உயர்ந்தால் அதை மட்டும் விலக்கி, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கானரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) அளவில் எடுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் கமராவை முக்காலியில் பொருத்தி, அல்பத்துக்கு நேர் மேலே இருந்து எடுக்கலாம். இரு பக்கத்திலிருந்தும் 45 பாகையில் ஒளி விழவேண்டும், பிளாஷ் கூடாது. விறாந்தையில் நேர் வெயில் படாத இடத்தில் காலை ஒளியே போதுமானது. கைப்பேசியையும் பயன்படுத்தலாம், ஆனால் "அழகாக்கும்" தெரிவுகள் அனைத்தையும் நிறுத்திவிடுங்கள். அவை முகத்தை மினுக்கி, பின்னாலுள்ள பெயர்ப்பலகையின் எழுத்தைச் சிதைத்துவிடும். நெகட்டிவ் எவரிடமாவது இருந்தால் அதற்குக் குறைந்தது 2400 டிபிஐ தேவை. தனிப்படமாகக் கிடைப்பவற்றின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

வண்ணப்படுத்துவதைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது: வேண்டாம். செயலிக்கு அந்தப் பெட்டியின் உண்மை நிறம் தெரியாது. அது ஊகித்துப் பூசுவதை நாளை யாரோ ஒருவர் சான்றாகக் காட்டுவார். இளைஞர்களை ஈர்க்க வேண்டுமானால், பழைய படம் எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று இன்றைய படத்தை எடுத்து அருகில் மாட்டுங்கள். நிலைய அதிபரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்; எடுப்பவர் மேடையில் நிற்கட்டும், பாதையில் இறங்கவே கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பாதை ஏறத்தாழ வடக்கு நோக்கிச் செல்வதால், காலையில் கிழக்குப் பக்கத்திலிருந்தும் மாலையில் மேற்குப் பக்கத்திலிருந்தும் எடுத்தால் பெட்டிகளின்மேல் வெளிச்சம் நன்றாக விழும்.

பிரதிகளின் ஒரு தொகுதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கும் வழங்கலாமா என்று உரிமையாளர்களிடம் எழுத்து மூலம் கேட்டு வையுங்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஊர் இது. எந்தத் தொகுப்பையும் ஒரே அலுமாரியில் வைத்துப் பூட்டக்கூடாது. அந்த அம்மாவிடம் இன்றே ஒருமுறை செல்லுங்கள்: கொடி சுருட்டுபவரின் பெயர் அவருக்கு நினைவிருந்தால், படத்தின் விளக்கக் குறிப்பில் மணமகனின் பெயருக்குப் பக்கத்தில் அதையும் சேர்க்க அவருடைய சம்மதத்தையும் கேளுங்கள்.