மிதித்தால் 'டிக்', நிறுத்தினால் அமைதி: ஒரு சைக்கிள் சத்தத்தால் எங்கள் கிளப்பே இரண்டாகிவிட்டது, உதவுங்கள்

நொய்யல் சவாரி:

வணக்கம். கோவையில் ஞாயிறு காலைகளில் சேர்ந்து ஓட்டும் சின்ன சைக்கிள் கிளப் எங்களுடையது. பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாக இருட்டுப்பள்ளம் வரை போய், சிறுவாணி ரோட்டில் கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்புவோம். குழுவில் மூத்தவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மேனேஜர் சார். அவர் சைக்கிளில் ஒரு சத்தம் வருகிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக், முன்னால் 50, 34 என்று இரண்டு பல் சக்கரம், கிளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் பூட்டிக்கொள்ளும் கட்டை) ஷூ மாட்டும் பெடல். சத்தம் 'டிக்... டிக்' என்று உலோகத்தில் எதையோ தட்டுவது மாதிரி இருக்கும். மிதிக்கும்போது மட்டும் வரும். மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளவிட்டால் நின்றுவிடும். ஏற்றத்தில் அதிகம். வீட்டிலிருந்து கிளம்பும்போது இருக்காது. ஆலாந்துறையில் வண்டியை நிறுத்தி, டீ குடித்து, சார் வழக்கம்போல ஆளுக்கு ரெண்டு கல்கண்டு கொடுத்து, மறுபடி ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். பட்டறையில் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றினால் ஒன்றும் இல்லை. மெக்கானிக் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், அப்போதும் ஒன்றும் இல்லை.

கிளப்பில் பாதிப் பேர் 'சீட் போஸ்ட்' (சீட்டைத் தாங்கும் குழாய்) கட்சி, மீதிப் பேர் 'பாட்டம் பிராக்கெட்' (பெடல்களின் நடு அச்சு சுழலும் பகுதி) கட்சி. தோற்கிற கட்சி எல்லோருக்கும் காலை டிபன் வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். இதற்கு நடுவில் சாருக்குப் பக்கத்தில் ஓட்டும் டாக்டர், சத்தம் தன் வண்டியில்தான் வருகிறது என்று முடிவு கட்டி, சொந்தக் காசில் புது பாட்டம் பிராக்கெட் மாற்றிவிட்டார். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அதே சத்தம். கல்லூரித் தம்பி ஒருவன் சார் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கிருந்தோ ஸ்பிரே ஆயில் கொண்டு வந்து சீட்டிலிருந்து பின் சக்கரம் வரை அடித்துவிட்டான். அன்று முதல் பழைய சத்தத்தோடு பிரேக்கும் கத்துகிறது.

இன்னொன்று. மாதம்பட்டி பக்கம் ஒரு தோட்டத்து நாய். நாங்கள் போகும்போது படுத்தே கிடக்கும். திரும்பும்போது எழுந்து சாரை மட்டும் துரத்தும்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் சார், "உங்களுக்கெல்லாம் தொந்தரவு, நான் கடைசியில் வருகிறேன்" என்று தனியாகப் பின்னால் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். எங்களில் பலரை சைக்கிளில் ஏற்றியதே அவர்தான். 200 கி.மீ. பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கு வேறு பெயர் கொடுத்திருக்கிறார். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய தூரம், எதிர்க்காற்றில் குழுவோடு ஒட்டிப் போனால்தான் கால் தாங்கும். அவர் தனியாகப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வழி சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

சத்தம் 'எங்கே' வருகிறது என்று தேடாதீர்கள், 'எப்போது' வருகிறது என்று பாருங்கள். ஃப்ரேம் என்பது வெற்றுக் குழாய்களை ஒட்டிச் செய்தது. சீட் போஸ்டில் பிறக்கும் சத்தம் காலடியில் கேட்கும், ஹேண்டில்பாரில் பிறப்பது பாட்டம் பிராக்கெட்டில் கேட்கும். காதை நம்பிப் பொருள் வாங்கினால் உங்கள் டாக்டர் கதைதான் நடக்கும்.

உருளவிட்டால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வால்வு நட்டு ரிம்மில் தட்டுவது, டிஸ்க் உரசுவது எல்லாம் கணக்கிலிருந்து போயிற்று. அவை சக்கரம் சுற்றும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். இனி எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை 'டிக்'? சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறதா?

ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கோளாறு: பெடல், அந்தப் பக்கத்துக் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), அந்தக் காலின் கிளீட். இரண்டு என்றால் ரெண்டு காலும் மாறி மாறி அழுத்தும்போது அசைகிற ஏதோ ஒன்று. எழுந்து மிதித்தால் நின்றுவிடும் என்றால் சீட், சீட் போஸ்ட் பக்கம்.

கொண்டை ஊசி:

அந்தத் தம்பியிடம் ஸ்பிரேயை முதலில் பிடுங்கி வையுங்கள். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் பட்டால் விளையாட்டு இல்லை. டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். பிரேக் பேட் எண்ணெய் குடித்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 30 கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். அந்த மாதிரி இடத்தில் சத்தத்தை விட பிரேக்தான் முக்கியம்.

அட்லஸ் காலத்து ஆள்:

எங்கள் காலத்துச் சைக்கிளில் இதற்கு ஒரே பதில்: காட்டர் பின். கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு அது. தேய்ந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று கொடுக்கும். பெடலே லேசாக நழுவுவது காலுக்குத் தெரியும். தெருமுனைக் கடையில் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினால் முடிந்தது. உங்கள் வண்டியில் காட்டர் பின்னே இருக்காது என்று தெரியும். ஆனாலும் பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டிப் பாருங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், மறந்துவிடாதீர்கள்.

நொய்யல் சவாரி:

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தோம். ஒரு சுற்றுக்கு இரண்டு 'டிக்'. எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறது, சொல்லப்போனால் இன்னும் பலமாக. பிரேக் பேட் மாற்றியாயிற்று, டிஸ்க்கைத் துடைத்தாயிற்று, பிரேக் அமைதி.

சீட் போஸ்டை உருவித் துடைத்து, கிரீஸ் தடவி, டார்க் ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். பெடல் மரைக்கும் கிரீஸ். ஆலாந்துறை வரை சத்தம் இல்லை. பாட்டம் பிராக்கெட் கட்சிக்கு முகம் செத்துவிட்டது. சீட் கட்சி டிபன் பட்டியலே போட ஆரம்பித்தார்கள். டீ முடித்து ஏறினதும் 'டிக்'.

இப்போது சீட் கட்சி என்ன சொல்கிறது தெரியுமா? கிரீஸ் தடவியது எதிர்க்கட்சி ஆள், அதனால் அந்தச் சோதனை செல்லாதாம். நடுநிலையான ஆள் முன்னிலையில் மறுபடி செய்யவேண்டுமாம். டீ மாஸ்டரை நடுவராகக் கேட்டார்கள். கடை நேரத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரன்:

எழுந்து மிதித்தாலும் வருகிறது என்றால் சீட் போஸ்ட் இல்லை. யார் தடவிய கிரீஸாக இருந்தாலும் இல்லை. சீட்டில் பாரமே இல்லாதபோது அது எப்படி முனகும்?

பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும் முன் செலவில்லாத ஒரு சோதனை. டீக்கடையில் வண்டியை மாற்றிக்கொள்ளுங்கள். சாரின் சைக்கிளை அவர் உயரமுள்ள, அதே வகைக் கிளீட் போடுகிற ஒருவர் எடுக்கட்டும். அவர் வண்டியை சார் எடுக்கட்டும். சத்தம் வண்டியோடு போகிறதா, ஆளோடு போகிறதா என்று சொல்லுங்கள்.

நொய்யல் சவாரி:

ஆளோடு போகிறது!

டாக்டரும் சாரும் மாற்றிக்கொண்டார்கள். சாரின் சைக்கிள் டாக்டரின் கீழ் பூனை மாதிரி வந்தது. டாக்டரின் புது பாட்டம் பிராக்கெட் போட்ட வண்டியில் சார் ஏறிய உடனே 'டிக், டிக்'. ஊர் எல்லை வரை யாரும் பேசவில்லை. இரண்டு கட்சியும் தோற்றால் டிபன் யார் வாங்குவது என்று பொருளாளர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

அடுத்து முழங்கால் மீது சந்தேகம். டாக்டர் ரோட்டோரத்தில் மண்டி போட்டு சாரின் முட்டியில் காதை வைத்து, மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லிக் கேட்டார். இத்தனைக்கும் அவர் பல் டாக்டர். தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் நின்று, ஐயாவுக்கு அடி பட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். முட்டியில் ஒன்றும் இல்லையாம்.

பட்டறைக்காரன்:

உங்கள் மெக்கானிக் தெருவில் ஓட்டியபோது செருப்புப் போட்டிருந்தாரா? அப்படியென்றால் கிளீட்டைப் பார்க்கவேண்டும். ஷூவுக்கு அடியில் கிளீட்டைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்தாலும், நடுவில் மண் ஏறிக் காய்ந்தாலும் சத்தம் வரும். டீக்கடை வாசல் மண்ணில் நடந்துவிட்டு ஏறிய பிறகு வருகிறது என்பதும் ஒத்துப்போகிறது. கழற்றித் துடைத்து, போல்ட் மரையில் துளி கிரீஸ் வைத்து, இரண்டு போல்ட் கிளீட் என்றால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்குங்கள்.

ஈசிஆர் காற்று:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், சென்னையிலிருந்து படிக்கிறேன். கிளீட் முறுக்கும்போது வருவது இழுத்து முனகும் சத்தம். இவர் எழுதுவது 'டிக்' என்ற சுத்தமான தட்டல். எனக்கு அது இடிக்கிறது.

மேலே முதல் பதிவை மறுபடி படித்தேன். வீட்டிலிருந்து டீக்கடை வரை சத்தம் இல்லை, டீக்கடைக்கு அப்புறம் உண்டு. நடுவில் என்ன மாறுகிறது? வண்டி மாறவில்லை, ஷூ மாறவில்லை. டீ வயிற்றுக்குள் போகிறது. கல்கண்டு வெளியே வருகிறது.

சார் கல்கண்டை எதில் வைத்திருக்கிறார்? எங்கே வைத்திருக்கிறார்?

பட்டறைக்காரன்:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. சட்டைப் பையைக் காலி பண்ணிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். கிளீட்டையும் பாருங்கள், ஆனால் பையை முதலில்.

நொய்யல் சவாரி:

கண்டுபிடித்தாயிற்று. ஈசிஆர் காற்று அக்காவுக்கு எங்கள் கிளப்பின் நன்றி.

ஜெர்ஸியின் முதுகுப் பையில், நடுப் பையில், ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம். வீட்டிலிருந்து கிளம்பும்போது கல்கண்டு கழுத்து வரை நிறைந்திருக்கும், அசைய இடம் இருக்காது. ஆலாந்துறையில் எங்களுக்கெல்லாம் கொடுத்ததும் பாதி காலி. அப்புறம் இடது கால் மிதித்தால் இடுப்பு இடது பக்கம் சாயும், கல்கண்டு போய்ச் சுவரில் 'டிக்'. வலது கால் மிதித்தால் மறுபக்கம் 'டிக்'. ஏற்றத்தில் உடம்பு அதிகம் ஆடும், எழுந்து மிதித்தால் இன்னும் அதிகம். உருளவிட்டால் இடுப்பு அசையாது, சத்தமும் இல்லை. எல்லாம் கணக்காக வந்துவிட்டது. அவரே ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டேன். சைக்கிளில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னதால் அவரும் கீழேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சம்படத்துக்குள் கைக்குட்டையைத் திணித்து ஓட்டினார். ஒரு 'டிக்' கூட இல்லை. மாதம்பட்டி நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. இப்போது சாரின் வீட்டம்மா ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்திருக்கிறார். கல்கண்டு அதில்தான் வருகிறது. சார் மறுபடி குழுவின் நடுவில் ஓட்டுகிறார், அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

டிபன் விஷயத்தில் பொருளாளர் தீர்ப்பு: இரண்டு கட்சியும் தோற்றதால் செலவு பாதிப் பாதி. டாக்டருக்கு மட்டும் விலக்கு, அவர் ஏற்கெனவே ஒரு பாட்டம் பிராக்கெட் செலவு செய்துவிட்டார் என்பதால்.

அட்லஸ் காலத்து ஆள்:

வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். டாக்டர் கழற்றிய பழைய பாட்டம் பிராக்கெட் நன்றாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

கொண்டை ஊசி:

இந்த இழையிலேயே என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். என் வண்டியிலும் மிதிக்கும்போது ஒரு 'டக்'. என் பையில் ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன். ஒரு சுற்றுக்கு ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. மூன்று சுற்றுக்கும் கொஞ்சம் மேலே போய் ஒரு தடவை வருகிறது. முன்னால் சின்னப் பல்லில்தான் ஓட்டுகிறேன், 34.

பட்டறைக்காரன்:

அது செயின். உங்கள் செயினில் சுமார் 110 கண்ணி இருக்கும். பெடல் ஒரு சுற்றுக்கு 34 கண்ணி நகர்கிறது. 110-ஐ 34-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்றேகால். செயின் ஒரு முழுச் சுற்று வரும்போது ஒரு தடவை இடிக்கிறது, அதாவது ஒரே ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது. முன்னால் 50-க்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள், ரெண்டு சுற்றுக்கும் கொஞ்சம் மேலே போனதும் வரும்.

பெடலை மெதுவாகப் பின்னால் சுற்றிக்கொண்டே பின் டிரெய்லியரின் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் கருவி) சின்னச் சக்கரங்களைக் கவனியுங்கள். இறுகிய கண்ணி அங்கே நுழையும்போது டிரெய்லியர் ஒரு துள்ளு துள்ளும். அந்தக் கண்ணியை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் லேசாக வளைத்துவிட்டு, ஒரு சொட்டு செயின் ஆயில் விடுங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் வளைத்துப் பயனில்லை, செயினையே மாற்றுங்கள். ஸ்பிரே வேண்டாம்.