"திமிர்" என்று முடிவு கட்டுவதற்கு முன்: பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் அனுபவப் பகிர்வு

பள்ளி ஆலோசகர், ஈரோடு:

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, பெற்றோர் கொண்டுவரும் புகார் ஏறத்தாழ ஒன்றுதான். "எட்டாவது வரைக்கும் எல்லாத்தையும் வந்து சொல்லும் புள்ள. இப்போ கதவைச் சாத்திக்குது, என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுது." இப்படி வருபவர்களிடம் கோபத்தைப் பற்றி விசாரிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் தூக்கத்தைக் கேளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். 14 நாள், நாலு கட்டம்: படுத்த நேரம், தூங்கியிருக்கும் என்று தோன்றும் நேரம், எழுந்த நேரம், அன்று வீட்டில் சண்டை வந்த நேரம். காலை ஐந்தரைக்கு டியூஷன், இரவு பன்னிரண்டுக்குப் படுக்கை, ஞாயிறு பதினொன்று வரை தூக்கம் என்றுதான் பெரும்பாலான நோட்டுகள் வரும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். கிடைப்பது ஐந்தரைகூட இல்லை. நாலாவது கட்டத்தைப் பார்த்தால், சண்டைகள் பள்ளிக்குக் கிளம்பும் அரை மணியிலும் சாயங்காலம் வீடு திரும்பிய முதல் ஒரு மணியிலும் குவிந்திருக்கும்.

"அப்போ ஒன்பதரைக்கே படுக்கச் சொல்லிடுறோம்" என்பார்கள். அது பலிக்காது. பருவம் வந்தபின் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பது ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகிறது. ஒன்பதரைக்குப் படுத்த பிள்ளை பதினொன்று வரை புரண்டுகொண்டிருக்கும், கை தானாகப் போனுக்குப் போகும். படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் மட்டும் முன்னே கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுவது மற்ற நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வேண்டாம். காலையில் பதினைந்து இருபது நிமிடம் மொட்டைமாடியிலோ வாசலிலோ வெளிச்சம் படட்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், அப்பா அம்மா போனும் அங்கேயே. பெரியவர்கள் போன் மட்டும் படுக்கையறைக்குப் போகும் வீட்டில் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது.

விடியற்காலை டியூஷனை மாலைக்கு மாற்ற முடிந்தால், இந்த எல்லாவற்றையும்விட அதுவே பெரிய மாற்றம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் உரக்கவே சொல்ல வேண்டும்.

உயிரியல் ஆசிரியை, தஞ்சாவூர்:

ஆலோசகர் சொன்னதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆறு வயதிலேயே மூளை பெரியவர் அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. பதின்வயதில் நடப்பது உள்ளே மறுகட்டுமானம்: புழங்காத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படுகின்றன, புழங்கும் இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை ஏறிச் செய்தி வேகமாகப் போகிறது. இந்த வேலை பின்பக்கம் தொடங்கி முன்பக்கம் வருகிறது. "பொறு, யோசி" என்று தடுக்கும் நெற்றிப் பகுதி கடைசியில்தான் முடியும். ஆனால் பயம், கோபம், ஆசையைக் கிளப்பும் உட்பகுதிகள் பருவ ஹார்மோன்களோடு முன்பே சூடேறிவிடுகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. "25 வயசு வரைக்கும் மூளை வளராது, அதனால அவனுக்கு ஒண்ணும் புரியாது" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அது தவறு. 25 என்பது ஒரு நாளில் போடும் சுவிட்ச் அல்ல. இந்தியா உட்பட 11 நாடுகளில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் திறன் 16 வயதிலேயே பெரியவர்களுக்கு நிகராக இருந்தது. பின்தங்கியது உணர்ச்சி கொதிக்கும் நேரத்து அடக்கம். உளவியலாளர்கள் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் கூடுதலாக ஆபத்தைத் தேடிப் போனார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

வகுப்பறைக்கு இதிலிருந்து கிடைப்பது: நாற்பது பேர் முன்னால் ஒரு பையனை நிறுத்திக் கேள்வி கேட்டால் பதில் உங்களுக்கு வராது, நாற்பது பேருக்குப் போகும். மணி அடித்தபின் வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டு, "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். "ஏன் செஞ்சே?" வேண்டாம். அதற்குப் பெரும்பாலும் அவனிடமே பதில் இருக்காது. வீட்டில் சித்தப்பா பெரியப்பா முன்னிலையில் மார்க்கைப் பற்றித் திட்டுவதும் இதே கணக்குதான்.

மனநலச் செவிலியர், மதுரை:

டீச்சர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றையும் "வயசு அப்படி" என்று தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது, அதில்தான் பிள்ளைகளை இழக்கிறோம். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் முகத்தில் சோகம் தெரியும். பதின்வயதில் அது பல சமயம் வெறும் சிடுசிடுப்பாகவே வரும். நாளின் பெரும்பகுதி, அநேகமாகத் தினமும், இரண்டு வாரம் தொடர்ந்தால் அது திமிர் அல்ல. கூடவே பாருங்கள்: உயிராக விளையாடிய கிரிக்கெட்டை விட்டுவிட்டானா, சாப்பாடு குறைந்ததா கூடியதா, சித்திரை வெயிலிலும் கையில் காயத்தை மறைப்பதுபோல் முழுக்கைச் சட்டையா.

டாக்டரிடம் போகும் முதல் நாளே இரத்தப் பரிசோதனைக்கும் எழுதச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் பெண்பிள்ளைகளுக்கு 12, பதினைந்து வயது தாண்டிய பையன்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. சோர்வும் எரிச்சலும் அதிலிருந்தும் வரும். தைராய்டும் பார்க்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், டீயோடு போட்டால் சத்து சரியாக உடம்பில் ஏறாது.

அடுத்து, கேட்க எல்லோரும் தயங்கும் கேள்வி. "அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலைல்ல?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும், ஏனென்றால் அந்தப் பதிலைத்தான் நாம் கேட்கிறோம். நேராகக் கேளுங்கள்: "ரொம்பக் கஷ்டத்துல இருக்கிறவங்களுக்குச் சில சமயம் செத்துடலாம்னு தோணும். உனக்குத் தோணியிருக்கா?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமா" என்றால் பதறவும் வேண்டாம், "அம்மாவை நினைச்சுப் பார்த்தியா" என்று குற்ற உணர்ச்சியும் ஏற்ற வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். தனியாக விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, தாத்தாவின் மாத்திரை டப்பா, எலி மருந்து எல்லாம் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும், அல்லது பூட்டுக்குள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், குழந்தைகளுக்கு 1098. ஏதாவது செய்துகொண்டதாகச் சந்தேகம் வந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தாமதிக்க வேண்டாம். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்ற ஒருவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது.

மனச்சோர்வுக்கு மருத்துவர் மருந்து எழுதினால் முதல் சில வாரம் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். பலன் தெரிய நாலு வாரமாவது ஆகும். ஆனால் அமைதியின்மை, தற்கொலை எண்ணம் கூடினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

விடுதிக் காப்பாளர், நாமக்கல்:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. சத்தம் போடும்போது எதையும் பேசித் தீர்க்க முடியாது. "இப்ப ரெண்டு பேருக்கும் கோபம், ராத்திரி சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று நேரம் சொல்லி நகருங்கள். சொன்ன நேரத்தில் திரும்பி வரவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள். எதிரே உட்கார வைத்துப் பேசுவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் வாய் திறக்கும்.

பிளஸ் ஒன் மாணவனின் அம்மா:

நோட்டு எழுதணும்னு சொன்னாலே கத்துறான். என்ன பண்றது?

பள்ளி ஆலோசகர், ஈரோடு:

மறைத்து எழுதாதீங்க அம்மா, தெரிந்தால் உளவு பார்ப்பதாக நினைப்பான். "டாக்டர்கிட்ட காட்ட நான் எழுதறேன், நீ எப்ப வேணா பாக்கலாம், தப்பா இருந்தா திருத்து" என்று சொல்லிவிட்டு நீங்களே எழுதுங்கள். ஹாலில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். சண்டையின் நடுவில் மட்டும் "நோட்டைப் பாரு, எத்தனை மணிக்குப் படுத்தே" என்று எடுக்க வேண்டாம். நேரத்தைத் திருத்தவாவது ஒருநாள் பேனாவை எடுப்பான். அன்றிலிருந்து நோட்டை அவனிடமே விட்டுவிடுங்கள்.