சீராக ஓடும் பஸ்ஸில் விளையுள் விசை பூச்சியமா? மனம் ஏற்க மறுக்கிறது

களுவாஞ்சிக்குடி மாணவி:

வணக்கம். உயர்தரம் கணிதப் பிரிவு, முதலாம் வருடம் படிக்கிறேன். பௌதிகவியல் கணக்குகளைச் செய்ய முடிகிறது. விசை என்றால் திணிவு தர ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்). எண்களைப் போட்டால் விடை வந்துவிடும். அந்த விடையை நான் நம்புகிறேனா என்றால், இல்லை.

வகுப்புக்காக மட்டக்களப்புக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறேன். செட்டிபாளையம் தாண்டி வீதி வெறுமையாகக் கிடந்தால் ஓட்டுநர் ஒரே வேகத்தில் பிடிப்பார். இஞ்சின் இரைகிறது, காலுக்குக் கீழே தகடு அதிர்கிறது, அவருடைய கால் ஆக்சிலேட்டரை விட்டு எழும்பவே இல்லை. புத்தகமோ அந்த நேரத்தில் பஸ்ஸின் மீது விளையுள் விசை, அதாவது எல்லா விசைகளையும் திசையோடு கூட்டினால் வருவது, பூச்சியம் என்கிறது. அப்படியென்றால் டீசல் எதற்கு எரிகிறது? காலை எடுத்தால் பஸ் மெதுவாகிவிடுகிறதே, ஓடுவதற்கு விசை வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்?

இன்னொன்று, நேரே மேலே எறிந்த பந்து. அது ஏறிக்கொண்டிருக்கும்போது நான் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போடுகிறேன். விடைத்தாளில் கீழ்நோக்கி நிறை (பூமி இழுக்கும் விசை) மட்டும்தான் இருக்கிறது. கை கொடுத்த விசை எங்கே போனது?

வகுப்பில் கேட்டால், "இதை யோசித்துக்கொண்டிருந்தால் பாடம் முடியாது, பழைய வினாத்தாளைச் செய், புள்ளி வரும்" என்கிறார்கள். புள்ளி எனக்கும் வேண்டும்தான். ஆனால் விளங்காமல் எழுதுவது பிடிக்கவில்லை. சூத்திரம் வேண்டாம், மனதில் படும்படி யாராவது சொல்லுங்கள்.

ஒலுவில் பொறியியல் மாணவன்:

தங்கச்சி, காலை எடுத்தால் பஸ் மெதுவாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏன் மெதுவாகிறது? பின்னுக்கு இழுப்பவை இருக்கின்றன. எதிர்க்காற்று, உருளும்போது நசுங்கி நிமிரும் டயர், அச்சுகளில் உராய்வு. டீசல் எரிவது அவற்றுக்கு ஈடுகொடுக்கத்தான். முன்னுக்குத் தள்ளுவதும் பின்னுக்கு இழுப்பதும் சமமானால் கூட்டுத்தொகை பூச்சியம். விசைகள் இருக்கின்றன, மிச்சம்தான் இல்லை.

அடுத்த முறை பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். பஸ் புறப்படும்போது பின்னுக்குச் சாய்வீர்கள், பிரேக் போட்டால் முன்னுக்கு. ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது கம்பியை விட்டுவிட்டுக்கூட நிற்கலாம். கண்ணை மூடினால் குலுக்கலும் சத்தமும் தவிர, ஓடுகிறது என்பதற்கு உடம்பில் அடையாளமே இருக்காது. உடம்புக்குத் தெரிவது வேகம் மாறுவது மட்டும்தான்.

மறுகா, வீட்டில் கரம் பலகை இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரை மெதுவாகத் தள்ளுங்கள், கொஞ்சத் தூரத்தில் நின்றுவிடும். பவுடர் போட்டு அதே அளவு தள்ளுங்கள், வெகுதூரம் போகும். ஸ்ட்ரைக்கர் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது, புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 என்று எடுப்போம். உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்ணான உராய்வுக் குணகம் 0.1 என்றால் அரை மீற்றரில் நிற்கும். 0.01 என்றால் 5 மீற்றர், 0.001 என்றால் 50 மீற்றர். பூச்சியம் என்றால்? நிற்பதற்குக் காரணமே இல்லை. தள்ளிய கை எப்போதோ விலகிவிட்டது. ஆகவே ஓடுவதற்குக் காரணம் தேட வேண்டாம், நிற்பதற்குக் காரணம் தேடுங்கள்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகள், உங்கள் சந்தேகம் மிகப் பழையது, மிகப் பெரியவர்களுக்கும் இருந்தது. தள்ளுபவர் இல்லாமல் எதுவும் ஓடாது என்றே அரிஸ்டோட்டில் கருதினார். எறிந்த பொருளுக்குள் கை ஏதோ ஒன்றை வைத்து அனுப்புகிறது என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸும், 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடானும் எழுதினார்கள். நீங்கள் போட்ட மேல்நோக்கிய அம்புக்குறி ஏறக்குறைய அதுதான். கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிப் பார்த்து, 1687இல் நியூட்டன் விதியாக எழுதும்வரை மனிதருக்கு இது தெளியவில்லை. சில மாதங்களில் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற பேராசிரியர், கணக்கே இல்லாமல் விசை பற்றிய எளிய கேள்விகளைத் தம் மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் படிப்பித்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். கடினமான கணக்குகளைச் செய்த பலர் அந்த எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். அவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

பந்துக்கு வருவோம். அம்புக்குறி போடுமுன் ஒவ்வொன்றுக்கும், "இதைக் கொடுப்பது யார்?" என்று கேளுங்கள். பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது எது? காற்று மட்டும். தொடாமல் இழுப்பது எது? பூமி. கை தொடுகிறதா? இல்லை. கொடுப்பவர் பெயரைச் சொல்ல முடியாத அம்புக்குறியை அழித்துவிடுங்கள். கை கொடுத்தது வேகத்தை. விசை, கை விட்ட கணத்தோடு முடிந்தது.

கல்முனைப் படகுக்காரர்:

நான் இந்தப் பாடம் படித்ததில்லை, இஞ்சின் போட் ஓட்டுகிறேன். கரையில் இருந்து வெளிக்கிடும்போது கைப்பிடியைத் திருகி அப்படியே வைத்திருந்தால் போட் வேகம் எடுக்கும், எடுக்கும், பிறகு ஒரு வேகத்தில் வந்து நிலைத்துவிடும். கை அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் வேகம் கூடாது. வேகம் கூடக்கூட தண்ணீர் கூடுதலாகத் தடுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரி வந்த இடத்தில் போட் நிலைக்கிறது. இன்னும் திருகினால் மறுபடி வேகம் எடுத்து, அதைவிடக் கூடிய வேகம் ஒன்றில் நிலைக்கும். வலை ஏற்றிப் பாரம் கூடினால் அந்த வேகத்துக்கு வர நேரம் எடுக்கும். கைப்பிடியைத் தளர்த்தினாலும் பாரப் போட் உடனே அடங்காது, கரை சேரும்போது இதை மனதில் வைத்துத்தான் முன்கூட்டியே தளர்த்துவோம்.

களுவாஞ்சிக்குடி மாணவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. படகு அண்ணா சொன்னது எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. திருகிய உடன் மிச்சம் இருக்கிறது, அதனால் வேகம் ஏறுகிறது. நிலைத்த பிறகு மிச்சம் இல்லை. பஸ்ஸும் அதேதான்! தம்பியோடு கரம் பலகையிலும் பார்த்தேன். பவுடர் போட்டபின் ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்தது.

பந்தில் மட்டும் ஒரு இடம் உறுத்துகிறது. உச்சியில் வேகம் பூச்சியம். அந்தக் கணத்தில் விசையும் பூச்சியமா?

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நல்ல கேள்வி மகள். அந்தக் கணத்தில் பூமி இழுப்பதை நிறுத்தியதா? இல்லை. வேகமும் பூச்சியம், விசையும் பூச்சியம் என்றால் பந்து அங்கேயே தொங்கி நிற்க வேண்டும். அது கீழே வருகிறதே. ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் நிறை அதே அளவு, அதே திசை. மாறிக்கொண்டிருப்பது வேகம் மட்டும்.

ஒலுவில் பொறியியல் மாணவன்:

சேர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காற்றையும் கணக்கில் எடுத்தால் ஏறும்போது காற்றின் சிறிய அம்புக்குறி கீழ்நோக்கி, இறங்கும்போது மேல்நோக்கி. உச்சியில் அது இல்லை. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ஒவ்வொரு அம்புக்குறியின் கீழும் கொடுப்பவரின் பெயரை எழுதி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.