கீட்டோ உணவில் இருந்துகொண்டு பாரம் தூக்கலாமா?

கேள்வி: உவர்மலையான்

வணக்கம். திருகோணமலை நகரில் நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்பவன் நான். வயது 39, உயரம் 168 சென்ரிமீற்றர், தற்போதைய எடை 84 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 101 சென்ரிமீற்றர். எடையைக் குறைப்பதற்காகச் சோறு, பாண், புட்டு, இடியப்பம், சீனி ஆகியவற்றை நிறுத்திவிட்டு, மீன், முட்டை, கோழி, கீரை, தேங்காய், தயிர் என்று மாச்சத்தை மிகவும் குறைத்த கீட்டோ உணவுமுறைக்கு மாறியிருக்கிறேன். அலுவலகம் முடிந்ததும் ஜிம்முக்குச் சென்று பாரம் தூக்கும் பயிற்சியும் செய்கிறேன்.

தொடக்கத்தில் எடை மளமளவென்று இறங்கியது. இப்போது தராசு முள் அசைய மறுக்கிறது. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது உடல் வலுவே. 50 கிலோ பாரத்தைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்யும்போது முன்பு 12 தடவை சிரமமின்றி எழுந்தவன், இப்போது எட்டாவது தடவை இறங்கும்போதே தொடை சோர்ந்துவிடுகிறது. கம்பியைத் தாங்கியில் வைத்தவுடன் கண் இருட்டுவதால், சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த உணவில் இருந்துகொண்டு பாரம் தூக்குவது தசையைக் கரைத்துவிடுமா?

இன்னொரு விடயமும் உண்டு. சில வருடங்களாகச் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கும் என் அண்ணாவும், வருகிற திங்கட்கிழமை முதல் இதே உணவைத் தொடங்கப் போவதாகச் சொல்கிறார். ஒரே வீட்டில் ஒரே சமையல் என்பதால் அம்மாவுக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது. அறிந்தவர்கள் ஆலோசனை கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: பாலையூற்றுப் பயிற்சியாளர்

வணக்கம் தம்பி. தராசைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் உண்ணும் மாச்சத்தில் ஒரு பகுதி கிளைக்கோஜனாகத் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் அது ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும்; அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாச்சத்தை நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கியதும் அந்தச் சேமிப்பு குறைந்து, அதனுடன் இருந்த தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. மளமளவென்று இறங்கிய எடையில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான். கொழுப்பு எப்போதும் மெதுவாகவே குறையும். ஆகவே தராசை மட்டும் நம்பாமல், காலையில் வெறும் வயிற்றில் தொப்புள் மட்டத்தில் அளவு நாடாவைச் சுற்றி அளந்து குறித்து வாருங்கள். சுற்றளவு குறைந்துகொண்டு எடை அப்படியே நின்றால் உங்கள் பயிற்சி வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

எட்டாவது தடவையில் தொடை சோர்வதற்கும் காரணம் உண்டு. பாரம் தூக்கும் முதல் பத்து விநாடிகளுக்குத் தசையில் உள்ள பொஸ்போகிரியேற்றின் என்னும் சேமிப்பின் சக்தி கைகொடுக்கும். அதற்கு மேல் நீளும் தொடருக்குக் கிளைக்கோஜன் தேவை. கொழுப்பும், அதிலிருந்து ஈரல் உருவாக்கும் கீட்டோனும் நடப்பதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் நன்றாகப் போதும்; ஆனால் அரை நிமிடத்துக்குள் முழு வலுவையும் கேட்கும் வேலைக்கு அவற்றிலிருந்து அவ்வளவு வேகமாகச் சக்தி பெற முடியாது. எனவே 12 தடவை என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு, 5 தடவை கொண்ட குறுந்தொடர்களாகச் செய்து, தொடர்களுக்கிடையில் இரண்டு முதல் மூன்று நிமிடங்கள் ஓய்வெடுங்கள். பாரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாட்கள், ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்குதல்), நெஞ்சுக்கு ஒரு தள்ளுதல், முதுகுக்கு ஓர் இழுத்தல் என்று நான்கு பயிற்சிகள் போதும். உடலுக்கு மாச்சத்துக் குறைந்த உணவு பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்; அதுவரை பாரத்தை ஏற்றுவதில் அவசரம் வேண்டாம்.

தசை கரையுமா என்று கேட்டீர்கள். குறைவாக உண்ணும் எவருக்கும் தசை கரையலாம். அதைத் தடுப்பவை பாரமும் புரதமும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு புரதம் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் இலக்கு. கொழுப்புக் கூடியவர்கள் அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்கிடலாம் என்பதால், உங்களுக்கு 70 கிலோவுக்கு 112 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முட்டையில் 18 கிராம், 200 கிராம் சூரை மீனில் 45 கிராமுக்கு மேல், 150 கிராம் கோழி நெஞ்சிறைச்சியில் 33 கிராம் அளவு கிடைக்கும். மீதியைத் தயிரும் கச்சானும் (நிலக்கடலை) நிரப்பிவிடும். பலர் கீட்டோ என்றதும் தேங்காய்ப்பாலும் வெண்ணெயுமாகக் கொழுப்பைக் கூட்டிவிட்டுப் புரதத்தைக் கோட்டை விடுகிறார்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி இருக்கிறது. புரதத்திலும் மாச்சத்திலும் 4 தான். சோற்றை நிறுத்திவிட்டு மாலையில் கச்சான் கொறித்துக்கொண்டே இருந்தால், 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும். எடை நின்றுபோனதற்கான காரணத்தை அங்கும் தேடிப் பாருங்கள்.

கண் இருட்டுவது பெரும்பாலும் உப்புக் குறைவால் வருவது. மாச்சத்துக் குறைந்ததும் இன்சுலின் குறைகிறது. அதனால் சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. அதற்கு மேல், கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் நம்மூர் ஜிம்மில் வியர்வையாகவும் உப்பு போய்விடும். பயிற்சிக்கு முன் சிறிது உப்பிட்ட எலுமிச்சைத் தண்ணீரோ எலும்புச் சூப்போ குடித்துப் பாருங்கள். முடிந்தால் மாலைப் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

பதில்: கிளினிக் வைத்தியர்

மேலே பயிற்சியாளர் கூறியவற்றில் பெரும்பாலானவை கேள்வி கேட்டவருக்குப் பொருந்தும். அவருடைய அண்ணாவுக்கு அவை பொருந்தமாட்டா என்பதை மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணா திங்கட்கிழமை இந்த உணவைத் தொடங்கக் கூடாது. தன்னுடைய மாத்திரைகள் எல்லாவற்றையும் கிளினிக் அட்டையையும் கொண்டுபோய், தன்னைப் பார்க்கும் வைத்தியருடன் பேசிய பிறகுதான் தொடங்குவதா என்பதையே தீர்மானிக்க வேண்டும்.

காரணத்தை விளக்குகிறேன். நீரிழிவு மாத்திரைகள் எல்லாம் ஒரே வகையில் வேலை செய்வதில்லை. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. உண்ணும் சோற்றைக் கணக்கில் வைத்து அளவு தீர்மானிக்கப்பட்ட அந்த மாத்திரையை அதே அளவில் விழுங்கிக்கொண்டு, சோற்றையும் நிறுத்தி, மாலையில் பாரமும் தூக்கினால், குருதியில் குளுக்கோசு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டுதல், கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். ஜிம்மில் வியர்ப்பதும் நடுங்குவதும் இயல்பு என்பதால் அந்த எச்சரிக்கை கவனிக்கப்படாமலே போகலாம். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

இன்னும் கவனிக்க வேண்டியவை எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரைகள். இவை குளுக்கோசைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இவற்றை எடுத்துக்கொண்டு மாச்சத்தை மிகவும் குறைத்தால், கீட்டோன்கள் அளவு கடந்து பெருகிக் குருதி அமிலமாகும் நிலை ஏற்படலாம். இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும்போது சீனி அளவு ஏறத்தாழ இயல்பாகவே காட்டக்கூடும் என்பதுதான். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இதைப் பற்றி 2015 ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, எழ முடியாத களைப்பு ஆகியவை தோன்றினால், சீனி அளவு எதைக் காட்டினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பயிற்சியாளர் சொன்ன உப்புத் தண்ணீரும் பிரஷர் உள்ளவருக்கு உரியதல்ல. மாச்சத்துக் குறைந்ததும் குருதி அமுக்கம் தானாகவே இறங்கலாம் என்பதால், பிரஷர் மாத்திரையின் அளவையும் வைத்தியர் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். லொசாட்டன், எனலாப்ரில் எடுப்பவர்கள் பொற்றாசியம் கலந்த மாற்று உப்பைத் தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. நீரிழிவு உள்ளவர் பாரம் தூக்கத் தொடங்குமுன் கண்ணின் விழித்திரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அங்கே புதிய குருதிக் குழாய்கள் வளர்ந்திருந்தால், மூச்சை அடக்கிப் பெரும் பாரம் தூக்குவது கண்ணுக்குள் குருதிக் கசிவை உண்டாக்கலாம்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று. தொடங்குமுன் சிறுநீரகத்துக்கான கிரியற்றினைன் சோதனையையும் கொலஸ்திரோல் சோதனையையும் செய்துகொள்ளுங்கள். வட மத்திய மாகாணத்திலும், அதை ஒட்டிய நமது மாவட்டத்துப் பதவிசிறிபுரப் பகுதியிலும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பலரைப் பாதித்திருக்கிறது. அந்நோய் நீண்ட காலம் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது. பாரம் தூக்கும் வலுவுக்காகக் கிரியேற்றின் தூள் எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது சோதனை முடிவைச் சற்று உயர்த்திக் காட்டும். தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால், கீட்டோ உணவில் சிலருக்குக் கெட்ட கொலஸ்திரோல் கணிசமாக ஏறுகிறது. மூன்று மாதங்களின் பின் மீண்டும் சோதித்துப் பாருங்கள். கொழுப்புத் தேவைக்குத் தேங்காய்ப்பாலை மட்டும் நம்பாமல் சாளை, கீரி போன்ற எண்ணெய்ப்பற்றுள்ள மீன்களையும் நல்லெண்ணெயையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பதில்: நிலாவெளி வாசகி

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். எடை குறைவதற்குக் கீட்டோ கட்டாயமா என்பதையும் யோசிக்க வேண்டும். 1921 இல் மேயோ கிளினிக்கில் இவ்வுணவுமுறை முன்வைக்கப்பட்டது வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகத்தான். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து நடத்தி 2018 இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் குறைந்த உணவை உண்டவர்கள் 12 மாதங்களில் சராசரியாக 5.3 கிலோவும், மாச்சத்துக் குறைந்த உணவை உண்டவர்கள் 6.0 கிலோவும் குறைந்திருந்தனர். இவ்வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கதன்று என்பதே அதன் முடிவு. அந்த ஆய்வில் பலர் கடுமையான கீட்டோ அளவில் நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதுவே ஒரு பாடம்தான்: நீடிக்க முடியாததை உடலால் தொடர முடியாது. 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. தட்டில் 300 கிராம் போடுபவர் அதை 100 கிராமாக்கி, அதையும் பயிற்சி நாட்களில் மட்டும் உண்டு, மீதி இடத்தைக் கீரையாலும் மீனாலும் நிரப்பினால், கேள்வி கேட்டவரின் 12 தடவையும் திரும்பி வரும், எடையும் குறையும் என்பது என் எண்ணம். அண்ணாவுக்கும் இத்தகைய மிதமான குறைப்பே பாதுகாப்பானதாக இருக்கலாம். அதையும் வைத்தியரிடம் கேட்டுச் செய்யட்டும்.

உவர்மலையான்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வைத்தியர் அவர்களின் பதிலை அண்ணாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவருடைய மாத்திரைப் பையைத் திறந்து பார்த்தபோது மெட்ஃபோமினுடன் கிளிக்கிளசைட்டும் இருந்தது. திங்கட்கிழமைத் திட்டத்தை விட்டுவிட்டு, அடுத்த கிளினிக் நாளில் கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் 5 தடவைக் கணக்குக்கு மாறியிருக்கிறேன். உப்பிட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பின் கண் இருட்டவில்லை. கீட்டோவை இன்னும் சிறிது காலம் தொடர்ந்து பார்த்துவிட்டு, வலு திரும்பாவிட்டால் நிலாவெளிச் சகோதரி சொன்ன வழிக்கு மாறுவேன்.

ஒரேயொரு ஐயம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். மீனும் முட்டையும் அடுப்படிக்குள் வராத அந்த நாளில் புரதத்துக்கு என்ன செய்வது? கந்தசஷ்டி விரதமும் பிடிப்பேன்.

பதில்: சாம்பல்தீவு அக்கா

தம்பி, எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். இவரும் உங்களைப் போலவே பாரம் தூக்குபவர். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு லீற்றர் பசுப்பாலைக் கொதிக்கவிட்டு, தேசிக்காய்ச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினால், பால் திரிந்து பச்சை கலந்த தெளிந்த நீர் தனியாகப் பிரியும். மெல்லிய பருத்தித் துணியில் வடித்துக் குளிர்ந்த நீரில் ஒரு தடவை அலசி, முடிச்சிட்டு அம்மிக்கல்லை மேலே வைத்தால், ஒரு மணித்தியாலத்தில் வெட்டக்கூடிய கட்டியாக இறுகிவிடும். அந்தப் பனீரில் 100 கிராமுக்கு 18 கிராம் அளவு புரதம் உண்டு. அதைச் சிறு துண்டுகளாக்கி, மிளகு, சீரகம், கறிவேப்பிலையுடன் நல்லெண்ணெயில் வதக்கி, கோவா (முட்டைக்கோஸ்) வறையின் மேல் போட்டுக் கொடுப்பேன். கோவாவைச் சோற்றுப் பருக்கை அளவுக்கு நறுக்கி, தேங்காய்ப்பூவுடன் அடுப்பில் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் விடாமல் இறக்கினால், தட்டில் சோறு இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. மாலையில் எருமைத் தயிர் ஒரு கிண்ணம், சீனியோ பாணியோ சேர்க்காமல்.

சோயா மீட்டில் புரதம் நிறைய உண்டு. ஆனால் மாச்சத்தும் இருப்பதால் 40 கிராம் உலர்ந்த அளவுக்கு மேல் நான் போடுவதில்லை. பெட்டியுடன் வரும் மசாலாப் பொட்டலத்தில் மாவும் உப்பும் இருக்கலாம் என்பதால் அதைத் தவிர்த்து வீட்டுத் தூளைப் பயன்படுத்துங்கள். பருப்பையும் பயறையும் முழுமையாக விலக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அவித்த பயறு 100 கிராமில் மாச்சத்து 19 கிராம். அதில் 7 கிராமுக்கு மேல் நார்ப்பொருள்தான்.

வெள்ளிக்கிழமையை ஜிம்முக்குப் போகாத ஓய்வு நாளாக வைத்துவிட்டால், அன்று புரதம் சற்றுக் குறைந்தாலும் வியாழனும் சனியும் அதை ஈடுசெய்துவிடும். கந்தசஷ்டி ஆறு நாட்களும் பாரத்தைத் தொடாமல் மெல்லிய நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறணைக்குப் பிறகு முதல் நாளே பழைய 50 கிலோவை ஏற்றாமல், 35 கிலோவில் தொடங்கி ஒரு கிழமைக்குள் படிப்படியாகக் கூட்டுங்கள். அண்ணா விரதம் பிடிப்பதாக இருந்தால், அதற்கான மாத்திரை அளவையும் அதே கிளினிக் நாளில் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.